தேரியிலும் கடற்கரை மணலிலும் பாம்பு, ஓணான் தேடிப் படமெடுப்பது: இராமநாதபுரம் பக்கம் எப்படி?

கேள்வி இதுதான்: "பாலைவனத்துப் பாம்புகளையும் ஓணான்களையும் படமெடுக்க ஆசை. ஜெய்சல்மேர் வரை போய்வர இப்போது வசதியில்லை. இராமநாதபுரம் கடற்கரையிலேயே அப்படிப்பட்டவற்றைத் தேட முடியுமா? எந்த மாதம், எந்த நேரம், என்ன கருவி வேண்டும்?"

தாராளமாக முடியும். ஆனால் இது பாலைவனம் இல்லை என்பதை மனதில் வைத்துக்கொண்டு தொடங்குங்கள். தார் பாலைவனத்தின் முள்வால் ஓணான் இங்கே கிடையாது. லோங்கேவாலா என்ற ஊரின் பெயரையே அறிவியல் பெயரில் சுமக்கும் தேரைத்தலை ஓணானும் கிடையாது. இங்கே இருப்பது மணலும் முள்ளும் சேர்ந்த வறண்ட கரை. சாயல்குடி, வாலிநோக்கம் பக்கம் தேரி எனப்படும் செந்நிற மணல்மேடு. உச்சிப்புளி, அரியமான் தொடங்கி மண்டபம், தனுஷ்கோடி வரை வெள்ளை மணல். நடுவே பனைக்கூட்டம், குடை விரித்தாற்போல் நிற்கும் உடைமரம், எங்கு பார்த்தாலும் சீமைக்கருவேலம். மணலில் வாழப் பழகிய உயிர்கள் இந்த நிலத்திலும் நிறையவே உண்டு. சுருட்டை விரியனும் மண்ணுளிப் பாம்பும் தாருக்கும் நமக்கும் பொது. இங்கே கற்ற தேடும் முறை நாளைக்கு ஜெய்சல்மேர் போனாலும் அப்படியே உதவும்.

கேமராவைப் பற்றி யோசிப்பதற்கு முன் மணலைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். சூரியன் எழுந்து ஒரு மணி நேரத்துக்குள் மணலில் இறங்கிவிட வேண்டும். இரவெல்லாம் நடமாடியவற்றின் தடம் அப்போதுதான் அழியாமல் இருக்கும். எட்டரை, ஒன்பது மணிக்குக் காற்று எழும்பினால் எல்லாம் கலைந்துவிடும். வெயில் முதுகில் விழ நடந்தால் தடம் கண்ணில் படாது. சூரியனைப் பார்த்தபடி நடங்கள். சாய்ந்த ஒளியில் ஒவ்வொரு பள்ளத்தின் விளிம்பும் நிழல் கட்டி எழுந்து நிற்கும். இரவிலும் இதே கணக்குத்தான். டார்ச்சைத் தலையில் கட்டிக்கொண்டு மேலிருந்து அடித்தால் மணல் தட்டையாகத் தெரியும். இன்னொரு டார்ச்சைக் கணுக்கால் உயரத்தில் பிடித்து, ஒளி மணலை உரசிப் போகும்படி காட்டினால் வண்டு நடந்த கோடுகூடத் தெரியும்.

என்னென்ன தடம் இருக்கும்? இரண்டு வரிசையாகப் புள்ளி புள்ளியாகக் குத்தியிருந்தால் அது கரையோர நண்டு. முதல் நாள் எல்லாரும் அதைத்தான் பல்லி என்று நினைத்துத் தொடர்வார்கள். நடுவில் மெல்லிய வால் கோடு, இருபுறமும் மாறி மாறி விரல் பதிவு என்றால் ஓணான் நிதானமாக நடந்திருக்கிறது. கோடு வழவழப்பாகவும் அகலமாகவும், கால் பதிவு சின்னதாகவும் இருந்தால் அரணை. பாம்பு பொதுவாக அலை அலையாகப் போகும். ஒவ்வொரு வளைவிலும் மணல் ஒரு பக்கம் குவிந்திருப்பதைக் கவனியுங்கள். பாம்பு அந்தக் குவியலை உந்தித்தான் முன்னேறியிருக்கிறது. ஆகவே அது போனது குவியலுக்கு எதிர்ப்பக்கம். தடித்த, கிட்டத்தட்ட நேரான வாய்க்கால் ஒன்று சட்டென்று மணலுக்குள் முடிந்துபோனால் மண்ணுளியாக இருக்கலாம்.

சுருட்டை விரியனின் தடம் இவை எதையும் போலிருக்காது. இளகிய மணலில் அது பக்கவாட்டில் உடலைத் தூக்கித் தூக்கிப் போடும். அதனால் தொடர்ந்த கோடு விழாது. ஒன்றுக்கொன்று ஒட்டாத சாய்ந்த கோடுகள், ஏணிப் படிகளைச் சரித்து அடுக்கியதுபோல் வரிசையாகக் கிடக்கும். ஒவ்வொரு கோட்டின் ஒரு முனையும் தூண்டில் முள்போல வளைந்திருக்கும். வளைந்த முனை இருக்கும் பக்கம்தான் பாம்பு போன பக்கம். இந்த வரிசையைத் தொடர்ந்தால் பெரும்பாலும் ஒரு புதரடியிலோ கல்லிடுக்கிலோ காவோலைக் குவியலிலோ போய் நிற்கும். அங்கே கையை விடக்கூடாது என்பதைத் தனியாகச் சொல்லத் தேவையில்லை.

தடம் புதிதா பழையதா என்பதற்குப் பனி உதவும். பின்னிரவில் ஈரம் இறங்கி மணலின் மேல் மெல்லிய பொருக்குக் கட்டும். பொருக்கை உடைத்துக்கொண்டு தடம் போயிருந்தால் விடியலுக்குச் சற்று முன் நடந்தது. தடத்தின் மேலேயே பொருக்குக் கட்டி, அதன்மேல் வண்டு நடந்திருந்தால் முன்னிரவுத் தடம், தொடர்வதில் பயனில்லை.

மாதக் கணக்குக்கு வருவோம். பிப்ரவரி முதல் மே வரை ஓணான்களுக்கு நல்ல காலம். ஜூன், ஜூலை, ஆகஸ்டில் தென்மேற்குப் பருவத்தின் கச்சான் காற்று வலுக்கும்போது மணல் பறந்து லென்ஸைத் தேய்க்கும், தடம் பத்து நிமிடம் நிற்காது. அந்த மூன்று மாதமும் திறந்த மணலை விட்டுவிட்டு மரக்கூட்டத்துக்குள் தேடலாம். பாம்புகளுக்குச் சிறந்த காலம் செப்டம்பர் கடைசி, அக்டோபரில் முதல் மழை விழுந்த இரவுகள். நீண்ட வறட்சிக்குப் பிறகு மண் நனைந்ததும் புழுக்கமான இரவில், ஏழு மணி முதல் பத்து மணிக்குள் நடமாட்டம் மிகுதி. சுருட்டை விரியன் மழைக்குப் பிறகு தரையை விட்டுத் தாழ்ந்த புதரின் மேல் ஏறிக் கிடக்கும். எனவே காலடியை மட்டும் பார்த்து நடந்தால் போதாது, முழங்கால் உயரக் கிளையையும் பார்க்க வேண்டும். வடகிழக்குப் பருவமழை முழுதாக இறங்கி நிலம் தண்ணீர் கட்டியதும் பாம்புகள் வரப்புக்கும் கண்மாய்க் கரைக்கும் தார்ச்சாலைக்கும் ஏறும். அப்போது கிழக்குக் கடற்கரைச் சாலையில் வண்டியை மெதுவாக ஓட்டுங்கள். படத்துக்காக மட்டும் சொல்லவில்லை. சக்கரத்தில் நசுங்கிச் சாகிறவை ஏராளம்.

ஓணான்களில் தொடங்குவதே நல்லது. பகலில் கிடைக்கும், ஆபத்து இல்லை, பொறுமையைப் பழக்கும். இந்த மணலின் அழகு விசிறித்தொண்டை ஓணான்தான். உடல் ஒரு விரல் நீளம், வால் அதைவிட நீளம். மணல் நிறத்தில் இருப்பதால் ஓடும்வரை தெரியாது. மிரண்டால் பின்னங்கால் இரண்டில் மட்டும் எழுந்து ஓடும். பின்னங்காலில் நான்கே விரல்கள்தான், ஐந்தாவது கிடையாது. 2016இல் இந்த இனக்குழுவைப் பிரித்து ஆராய்ந்தவர்கள், தமிழ்நாட்டில் கண்ட இரண்டு இனங்களுக்கு 'விசிறி' என்றும் 'மருதம்நெய்தல்' என்றும் தமிழ்ச் சொற்களையே அறிவியல் பெயராக வைத்தார்கள். பனையோலை விசிறியைப் பார்த்து வைத்த பெயர் முதலாவது. நெய்தல் நிலத்தில் நின்று அதைப் படமெடுப்பவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி இது.

ஆண் ஓணான் ஒரு மேட்டைத் தேர்ந்தெடுக்கும். ஒரு சாண் உயரக் கல், காய்ந்த சாணி, விழுந்த பனை மட்டையின் நுனி, எதுவாகவும் இருக்கலாம். அதில் ஏறித் தலையை நிமிர்த்தித் தொண்டைத் தோலைக் கண்ணிமைக்கும் நேரம் விரித்து மூடும். துரத்தினால் ஒரு படமும் கிடைக்காது. ஆனால் அது திரும்பத் திரும்ப அதே மேட்டுக்கு வரும். அந்த மேட்டைக் கண்டுபிடித்து ஐந்தாறு மீட்டர் தள்ளிப் படுத்துவிடுங்கள். படுக்கும் இடத்தில் நெருஞ்சி முள்ளும் தேளும் இல்லையென்று பார்த்து ஒரு தார்ப்பாய்த் துண்டை விரியுங்கள். கால்மணி, இருபது நிமிடம் அசையாமல் கிடந்தால் அது உங்களை மறந்துவிடும். விசிறி ஒளி ஊடுருவும் தோல். வெயில் அதன் பின்னாலோ பக்கத்திலோ இருக்கும்படி நீங்கள் இடம் பிடித்தால் நீலத் தீற்றல் விளக்கு வைத்தாற்போல் ஒளிரும். வெயில் உங்கள் முதுகில் இருந்தால் அதே விசிறி சுண்ணாம்பு பூசிய தகடாகத் தெரியும்.

லென்ஸ் 300 அல்லது 400 மி.மீ. ஷட்டர் 1/1600 விநாடிக்குக் குறையாமல், துளை எஃப் 8, குவியம் கண்ணில். தொடர்ச்சியாகச் சுடும் முறையில் வைத்து, தலை நிமிரும்போதே அழுத்தத் தொடங்குங்கள். விசிறி விரிந்ததைப் பார்த்து அழுத்தினால் மூடியபின்தான் பதிவாகும். கேமரா தரையோடு தரையாக இருக்க வேண்டும். முக்காலி வேண்டாம். காலியான மஞ்சப்பை ஒன்றை எடுத்துப்போய் அங்கேயே முக்கால்பங்கு மணல் நிரப்பி அதன்மேல் லென்ஸை வைத்தால் போதும், முடிந்ததும் கொட்டிவிடலாம்.

மணலில் ஒளி அளவு ஏமாற்றும். தனுஷ்கோடி வெள்ளை மணலைக் கேமரா அளவுக்கு மீறிய வெளிச்சமென்று எடுத்துக்கொண்டு படத்தை மங்கலாக்கும், ஒளி ஈட்டை (எக்ஸ்போஷர் காம்பன்சேஷன்) 0.7 முதல் 1.3 ஸ்டாப் வரை கூட்டிவையுங்கள். தேரியில் வேறு சிக்கல். தானியங்கி நிறச் சமன் அந்தச் சிவப்பைக் குறையென்று நினைத்துக் கழுவிவிடும். நிறச் சமனை 5200 அல்லது 5500 கெல்வினில் நிறுத்திவிட்டால் தேரி தேரியாகவே வரும். ஒன்பதரைக்குமேல் எடுத்த படமெல்லாம் தண்ணீருக்குள் எடுத்ததுபோல் நெளிகிறதென்றால் லென்ஸ் கெட்டுவிட்டதென்று கடைக்குத் தூக்காதீர்கள். சுட்ட மணலிலிருந்து எழும் கானல் அது. தொலைவைக் குறைக்கலாம், அல்லது மாலை நாலரைக்கு மறுபடி வரலாம். உச்சிவெயிலில் மணலின் மேற்பரப்பு 50 பாகை செல்சியஸைத் தாண்டிவிடும். ஓணான்களும் அப்போது நிழலுக்குள் போய்விடும்.

அடம்புக் கொடிக்கும் இராவணன் மீசைப் புல்லுக்கும் அடியில் அரணைகள் உண்டு. "அரணை கடித்தால் மரணம்" என்பது வெறும் பேச்சு, அரணைக்கு நஞ்சே இல்லை. பச்சோந்தியைப் பகலில் தேடிக் கழுத்து வலித்ததுதான் மிச்சமாகும். இரவு எட்டு மணிக்குமேல் உடைமரத்தின் வெளிக்கிளை நுனிகளில் டார்ச் அடித்துப் பாருங்கள். தூங்கும்போது அது நிறம் வெளுத்து, இலைகளுக்கு நடுவே வெளிறிய காய்போலத் தொங்கும். நாலைந்து படத்தோடு விளக்கை அணைத்துவிடுங்கள். விழித்துக் கிளை மாறினால் தவறிக் கீழே விழக்கூடும்.

இனி பாம்பு. சுருட்டை விரியன் இங்கே பெரும்பாலும் ஒரு முழத்துக்குள், 30 முதல் 45 செ.மீ. வரை. தலையில் பறவையின் கால்தடம்போல ஒரு வெளிர் குறி, பெரிய கண், செங்குத்துக் கண்மணி. மிரண்டால் உடலை எட்டுப் போல் மடித்து மடிப்புகளை ஒன்றோடொன்று தேய்க்கும். பக்கவாட்டுச் செதில்களின் முதுகில் ரம்பப் பல் இருப்பதால் வாணலியில் அப்பளம் பொரிவதுபோல் ஒரு சத்தம் எழும். அந்தச் சத்தம் கேட்டால் நீங்கள் ஏற்கெனவே அளவுக்கு மீறிக் கிட்டப் போய்விட்டீர்கள் என்று பொருள். இரண்டு அடி பின்வாங்கி, அது அடங்கும்வரை நில்லுங்கள். சத்தம் எழுப்பவைத்துப் படமெடுப்பது பாம்புக்கும் வதை, உங்களுக்கும் ஆபத்து.

பலர் தடுக்கி விழுவது லென்ஸில்தான். 100 மி.மீ. மேக்ரோ லென்ஸை முழு உருப்பெருக்கத்தில் வைத்தால் லென்ஸின் முகப்புக்கும் பொருளுக்கும் இடையே ஒரு சாண்கூட இருக்காது. பல்லிக்கு அது சரி. நஞ்சுள்ள பாம்புக்கு அந்த லென்ஸைப் பையிலிருந்தே எடுக்காதீர்கள். ஒன்று, ஒன்றரை மீட்டரில் குவியும் 300 மி.மீ. வகை லென்ஸ் போதும். குறைந்தது ஒன்றரை மீட்டர் விலகியே இருங்கள். நின்றோ குந்தியோ எடுங்கள், படுக்காதீர்கள். படுத்தவர் எழுவதற்குள் பாம்பு வந்து சேரும். கைப்பேசியில் எடுப்பவர்கள் மூன்று மடங்கு, ஐந்து மடங்கு தொலைநோக்கு லென்ஸ் இல்லாவிட்டால் விரியனை எடுக்கவே வேண்டாம். இரவில் ஃபிளாஷ் தேவை: எஃப் 11, 1/200 விநாடி, ஐஎஸ்ஓ 400, ஃபிளாஷுக்கு முன்னால் வெள்ளைத் துணியோ, ஒளியை மென்மையாக்கும் டிஃபியூசரோ. நேராக அடித்தால் செதில்கள் கண்ணாடிபோல் பளபளத்து வரி மறைந்துவிடும்.

எப்போதும் இரண்டு பேர். ஒருவர் கேமராவுக்குள் கண்ணை வைத்திருக்கும்போது மற்றவர் விளக்கைப் பிடித்துக்கொண்டு பாம்பை மட்டும் பார்க்க வேண்டும், பேச்சுக்கொடுக்கக் கூடாது. கணுக்கால் மூடிய, தடித்த அடிப்பாகமுள்ள பூட்ஸ் கட்டாயம். சீமைக்கருவேல முள் ரப்பர் செருப்பை ஊசிபோல் துளைத்துக்கொண்டு வரும். காவோலைக் குவியலைக் கிளற வேண்டுமானால் நீண்ட கம்பால் மட்டும் செய்யுங்கள். பனங்கருக்கு கையைக் கிழிப்பது சின்ன விஷயம், கண்ணாடி விரியன் அதற்குள் படுத்திருப்பது பெரிய விஷயம். கல்லைப் புரட்டும்போது எதிர்ப்பக்க விளிம்பைக் கொக்கியால் மாட்டி உங்களை நோக்கித் தூக்குங்கள். அப்போது திறப்பு அந்தப் பக்கம் இருக்கும், கல்லே உங்களுக்குக் கேடயம். பார்த்தபின் கல்லை இருந்த பள்ளத்திலேயே, இருந்த வாக்கிலேயே வையுங்கள். ஒரு விரற்கடை தள்ளி வைத்தாலும் அடியிலிருக்கும் ஈரம் காய்ந்துவிடும், அந்த வீடு போய்விடும்.

ஆளை மாற்றிக் காட்டும் பாம்புகளையும் தெரிந்துவையுங்கள். பூனைப்பாம்பு சுருட்டையைப்போல் தெரியும். ஆனால் உடல் ஒல்லி, கழுத்து மெலிவு, நீளம் அதிகம். மண்ணுளியில் ஒரு வகை, உடம்பெல்லாம் திட்டுத் திட்டாக, கண்ணாடி விரியனைப்போலவே இருக்கும். அதன் வால் மிகக் குட்டை, விரியனின் வால் அதைவிட நீளம். வெள்ளிக்கோல் வரையனைக் கட்டுவிரியனென்று அடிப்பார்கள். வரையனின் பட்டைகள் கழுத்தருகே தெளிவாகத் தொடங்கி வால்பக்கம் மங்கும். கட்டுவிரியனில் முன்பக்கம் மங்கல், பின்பக்கம் தெளிவு. சந்தேகம் வந்தால் நஞ்சுள்ளதென்றே வைத்துக்கொள்ளுங்கள். கரைவலையிலிருந்து தூக்கி எறிந்த கடல்பாம்பு செத்ததுபோல் கிடக்கும். துடுப்புபோல் தட்டையான வாலைப் பார்த்ததும் விலகிவிடுங்கள், அதன் நஞ்சு கடுமையானது.

கடிபட்டால் இறுக்கிக் கட்டுப்போடாதீர்கள், கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள். மோதிரம், கயிறு, காலணியைக் கழற்றி, கடிபட்ட உறுப்பை அசையாமல் மட்டையோடு தளர்வாகக் கட்டி, 108ஐ அழைத்து அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் ஒரே நஞ்சுமுறிவு மருந்துதான், பாம்பைக் கொன்று எடுத்துப் போகத் தேவையில்லை. கட்டுவிரியன் கடி வலிக்காமலே இருக்கலாம். சுருட்டைக் கடியில் இரத்தம் உறையும் தன்மை கெடும், அது ஈறில் கசியும்வரை வெளியே தெரியாமலும் இருக்கலாம். ஆகவே வலியில்லை என்று வீடு திரும்பக் கூடாது. தனுஷ்கோடியிலிருந்து இராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஏறத்தாழ 75 கி.மீ. இந்தத் தூரத்தை மனதில் வைத்துத்தான் எவ்வளவு கிட்டப் போவதென்று முடிவெடுக்க வேண்டும்.

அனுமதி விஷயத்தில் இந்தக் கரை மற்ற ஊர்போல் இல்லை. எல்லைக் கடற்கரை இது. உச்சிப்புளியில் கடற்படை விமானத்தளம் இருக்கிறது. இரவில் கரையோரம் டார்ச் அடித்துக்கொண்டு திரிந்தால் கடத்தல்காரர் என்று விசாரிப்பார்கள், விசாரிப்பதும் நியாயம். போகுமுன் உள்ளூர்க் காவல் நிலையத்திலும் அந்த ஊர்ப் பெரியவர்களிடமும் சொல்லிவிடுங்கள், அடையாள அட்டை கையில் இருக்கட்டும், டிரோனை வீட்டில் வையுங்கள். தனுஷ்கோடியில் மாலைக்குப் பிறகு பொதுமக்கள் தங்க முடியாது. அங்கே காலைத் தடம் மட்டும்தான். மன்னார் வளைகுடாத் தீவுகளும் காப்புக்காடும் வனத்துறை அனுமதியின்றி நுழையக் கூடாதவை. பனந்தோப்பு என்றால் உரிமையாளரைக் கேளுங்கள். 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி பாம்பைப் பிடிப்பது, பைக்குள் போடுவது, படத்துக்காக வேறிடம் கொண்டுபோவது எல்லாம் குற்றம். அசையாமலிருக்கக் குளிரவைப்பது, சட்டியால் மூடிவைத்துத் திறப்பது போன்ற தந்திரங்களைச் சொல்லிக்கொடுப்பவர்களை நம்பாதீர்கள். சுருண்டு களைத்த பாம்பின் படத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

கருவிக்கு உப்பும் மணலும்தான் எமன். மணலில் நின்று லென்ஸ் மாற்றவே கூடாது. வண்டிக்குள் கதவைச் சாத்திக்கொண்டு மாற்றுங்கள். ஜூம் வளையம் கரகரவென்றால் திருப்புவதை அங்கேயே நிறுத்தி, ஊதுகுமிழால் மணலை வெளியேற்றுங்கள், வாயால் ஊதாதீர்கள். திரும்பியதும் நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் வெளிப்பகுதியைத் துடைத்துக் காயவைத்து, சிலிக்கா ஜெல்லோடு மூடிவையுங்கள். குளிரூட்டிய அறையிலிருந்து நேரே கடற்கரைக்கு வந்தால் லென்ஸ் வேர்க்கும். பையைத் திறக்காமல் அரைமணி நேரம் விட்டுவைத்தால் சரியாகும்.

படம் அழகாக வந்தால் மட்டும் இனம் தெரிந்துவிடாது. ஒவ்வொன்றுக்கும் முழு உடல், தலை பக்கவாட்டில், தலை மேலிருந்து, நடுமுதுகுச் செதில், அது இருந்த இடம் என ஐந்து படம் எடுங்கள். ஓணானுக்கு விரிந்த விசிறியையும் பின்னங்காலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வெளியிடும் முன் படத்திலிருக்கும் ஜிபிஎஸ் குறிப்பை நீக்குங்கள், குறிப்பாக மண்ணுளியின் படத்தில். இருதலைப் பாம்பு என்று பொய் சொல்லி அதை இலட்சக்கணக்கில் விலைபேசுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நீங்கள் போடும் ஒரு வரப்பின் பெயர் அவர்களுக்குப் போதும். இடம் என்ற கட்டத்தில் 'இராமநாதபுரம் மாவட்டம்' என்று மட்டும் எழுதி, சரியான இடத்தையும் தேதியையும் நேரத்தையும் உங்கள் நோட்டில் குறித்துவையுங்கள்.